பாலையடி ஒழுங்கையின் பதினொரு போத்தல்

என் கடைக்கு வந்து கொப்பி எடுக்க முடியாமல் திரும்பிப் போன தாள் என்று ஒன்று கிடையாது. தர்மபுரம் சந்தியில் பதின்மூன்று வருடமாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கறையான் அரித்த பிறப்புப் பத்திரம், மடித்து மடித்து நடுவில் ஓட்டை விழுந்த காணிக் கடிதம், இடம்பெயர்ந்த காலத்தில் மழையில் ஊறிய பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எதைக் கொண்டுவந்தாலும் வாசிக்கிற மாதிரி ஒரு கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என் மனைவி அருந்ததியைக் கேட்டால் கொஞ்சம் என்று சொல்லமாட்டாள்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் சாரங்கா வந்து, ஒரு கட்டுரையை பிரின்ட் எடுத்துத் தரும்படி கேட்டாள். அவள் எங்கள் பாலையடி ஒழுங்கைக்காரி, அந்தக் குறுந்தெருவில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. கிளிநொச்சியில் கணவனைக் கிளினிக்கில் டொக்டரிடம் காட்டிவிட்டு, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சந்தியிலேயே இறங்கியிருந்தாள். அவள் கணவன் தயாபரனுக்கு நாற்பத்தாறு வயது. வயலில் இரண்டு ஆளின் வேலையைத் தனியே செய்கிறவன். அவனுடைய சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியவந்து அப்போது ஒரு மாதம்.

"டொக்டர் என்ன தண்ணி குடிக்கிறனீங்கள் எண்டு கேட்டவர், அண்ணை. எத்தினை வருசமாய் எண்டும் கேட்டவர்."

"தண்ணியாலதான் வந்தது எண்டு சொன்னவரோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. இன்னதாலதான் எண்டு சொல்ல ஏலாதாம். ஆனா தண்ணியின்ர விபரம் இருந்தா நல்லதாம். கம்பஸ் ஆக்கள் வந்து எடுத்துக்கொண்டு போனவையெல்லே? அந்தக் கணக்கு முழுக்க எனக்கு வேணும்."

பல்கலைக்கழகத்திலிருந்து அந்தக் கம்பஸ் ஆக்கள் வந்தது ஏழு வருடத்துக்கு முன். வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்து, அவரவர் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போய், மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நாளில் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வீட்டுக் கிணற்றில் குடிப்பதில்லை. குளிக்க, துவைக்க, மரக்கறித் தோட்டத்துக்கு ஊற்ற மட்டும்தான் அது. குடிக்கிற தண்ணீருக்குப் பெரிய றோட்டுக்கு அங்கால் இளையதம்பியரின் கிணற்றுக்குப் போவோம். விடிந்தால் பதினொரு வீட்டுச் சைக்கிளும் தண்ணீர்க் கானோடு அங்கேதான் நிற்கும்.

போத்தல் எடுத்துப் போய் இரண்டு வருடம் கழித்து, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு கடிதம் வாசித்தார்கள். இன்ன ஆராய்ச்சிக் கட்டுரையின்படி பாலையடி ஒழுங்கைக் கிணறுகளின் தண்ணீர் குடிக்க உகந்தது என்று அதில் இருந்தது. கை தட்டினோம். அந்தக் கிழமையே ஒவ்வொரு வீடாகக் கானைக் கவிழ்த்து வைத்தது. தயாபரன்தான் எல்லாரிலும் கூடச் சந்தோசப்பட்டவன், காலமை அரை மணித்தியாலம் கூடப் படுக்கலாம் என்று. கேத்திலில் வெள்ளையாகப் பட்டை பிடித்தபோதும், ஆராய்ச்சியே சொல்லிவிட்டதே என்று சுரண்டி எறிந்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றினோம்.

அந்தக் கடிதத்தின் கொப்பி சாரங்காவிடம் இருந்தது. என் கடையில் எடுத்த கொப்பிதான். அதிலிருந்த கட்டுரையின் பெயரைக் கணினியில் அடித்துப் பார்த்தேன். வந்தது. மேலே எழுதியவர்களின் பெயர், கீழே பத்து வரியில் ஒரு சுருக்கம், அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். முழுவதையும் வாசிக்க வேண்டுமென்றால் டொலரில் காசு கட்ட வேண்டும். அதுவும் இரண்டு நாளைக்குத்தான். இரண்டு நாள் கழிந்தால் திரும்பவும் பூட்டிக்கொள்ளும்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. எங்கள் கிணறு, எங்கள் தண்ணீர், நாங்கள் பிடித்துக் கொடுத்த போத்தல். அதைப் பார்க்க நாங்கள் வாடகை கட்ட வேண்டுமாம். ஆனாலும் சுருக்கத்தில் தேவையானது இருந்தபடியால் சாரங்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"பாரும் பிள்ளை. பாலையடிப் பகுதிக் கிணறுகள் பதினொண்டும் குடிநீர் எல்லைக்குள்ள இருக்காம். பதினொண்டும் ஆச்சரியப்படுற அளவுக்கு ஒரே சீராய் இருக்காம். இதுக்கு மேல உமக்கு என்ன வேணும்?"

"எல்லா வீட்டுத் தண்ணியின்ர இலக்கமும் தனித்தனியாய் வேணும்."

"நல்லதெண்டு போட்டிருக்குத்தானே?"

"நல்லதெண்டு அஞ்சு வருசமாய்த் தெரியும், அண்ணை. எனக்கு இலக்கம் வேணும்."

அவள் சாதாரணமாக ஒன்றைத் திருப்பித் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை. சுருக்கம் போதாது என்று அவள் ஏன் நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னைக் கேட்டால் எனக்கு அந்தச் சுருக்கமே தாராளம். அதற்கு மேல் கிளற எனக்கு விருப்பமில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் பூட்டு என்னை விடவில்லை. அன்று ஆள் குறைவு. ஒரு விண்ணப்பப் படிவத்துக்கும் அடுத்த விண்ணப்பப் படிவத்துக்கும் இடையில் இருந்து துருவினேன். இந்தக் கட்டுரையை எழுதியவர்களுக்கு அந்தக் காசில் ஏதும் போகிறதா? ஒரு சதம் இல்லை. எழுதியது சரியா பிழையா என்று பார்த்துக் கொடுத்த மற்றப் பேராசிரியர்களுக்கு? அவர்களும் சும்மாதான் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்குச் செலவழித்தது யார்? அரசாங்கமோ, ஏதாவது நிதியமோ. எழுதினவனுக்கு இல்லை, பார்த்தவனுக்கு இல்லை, தண்ணீர் கொடுத்தவனுக்கு இல்லை. நடுவில் நிற்கிறவனுக்கு மட்டும் உண்டு. நானும் நடுவில் நிற்கிறவன்தான், பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன்தான். என்றாலும் கொப்பியை இரண்டு நாளில் திருப்பிப் பறிக்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த மூளைக்காரனை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும் என்று நிசமாகவே ஆசைப்பட்டேன்.

எழுதியவர்களில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருந்தது. பெயர் அஸ்மியா. முதலில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, அதை வாசித்து நானே வெட்கப்பட்டு அழித்தேன். பிறகு தமிழில் எழுதினேன். "நாங்கள் பாலையடி ஒழுங்கைக் கிணற்றுக்காரர். எங்கள் தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்களால் வாசிக்க முடியவில்லை. ஒருவருக்குச் சுகமில்லை. தயவு செய்து உதவுங்கள்."

நாற்பது நிமிடத்தில் முழுக் கட்டுரையும் வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு: "கேட்பவருக்கு என் கட்டுரையை அனுப்ப எனக்கு அனுமதி இருக்கிறது. கேட்கலாம் என்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை. இத்தனை வருடத்தில் இதைக் கேட்டவர்கள் நாலு பேர். கிணற்றுக்காரர் கேட்டது இதுதான் முதல் தடவை. நான்தான் அன்று போத்தல் கொண்டுவந்த மாணவி."

கதிரையை இழுத்துப் போட்டு, அதுவரை காத்து நின்ற சாரங்காவை இருத்தி, பதினாலு பக்கத்தையும் அடித்து மேசையில் பரப்பினேன். ஒன்பதாம் பக்கத்தில் அட்டவணை இருந்தது. நாற்பது கிணறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், வரைபடத்தில் இடம், பிறகு தண்ணீரின் வன்தன்மை, உப்பு, புளோரைட்டு என்று வரிசையாக எண்கள். பதினேழிலிருந்து இருபத்தேழு வரை எங்கள் ஒழுங்கை. விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தேன்.

பதின்மூன்று வருடம் கொப்பி எடுத்தவனுக்கு ஒரு கண் பழகியிருக்கும். மூலம் எது, கொப்பி எது என்று தாளைத் தொடாமலே தெரியும். அந்தப் பதினொரு வரியும் ஒரே மூலத்திலிருந்து எடுத்த பதினொரு கொப்பி. வன்தன்மை நூற்றுப்பதினெட்டு, நூற்றுப்பதினெட்டு, நூற்றுப்பத்தொன்பது, நூற்றுப்பதினெட்டு. புளோரைட்டு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. மேலே ஒன்பதாம் கிணறு என்று ஒன்று இருந்தது. அதற்கும் நூற்றுப்பதினெட்டு. வரைபடத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் கிணறு பெரிய றோட்டுக்கு அங்கால் இருந்தது. அது இளையதம்பியரின் கிணறு.

சாரங்காவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணை, ஒண்டு சொல்லுறன். ஏசாதேங்கோ. என்ர போத்தலில இருந்தது என்ர கிணத்துத் தண்ணியில்லை. காலமை கானோட கானாய்ப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு போய் இளையதம்பியற்ற கிணத்தில நிரப்பினனான்."

"ஏன் பிள்ளை?"

கேட்டேனே தவிர, ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் எங்கள் காணிக்குப் பெமிற், அதாவது அரசாங்க அனுமதிப் பத்திரம், இன்னும் கையில் கிடைக்கவில்லை. முகாமிலிருந்து வந்து கொட்டில் போட்டு, கல்வீடு கட்டி, தென்னை காய்க்கத் தொடங்கிய பிறகும் காணி எங்கள் பெயரில் இல்லை. அப்போது ஒரு கதை உலாவியது. தண்ணீர் கூடாது என்று கம்பஸ் எழுதினால், குடியிருக்க உகந்த இடமில்லை என்று சொல்லி எங்களைக் காணியைவிட்டுத் திரும்பவும் எழுப்பிவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் ஆளில்லை. ஆனால் நாலு தரம் எழுப்பப்பட்டவனுக்கு அந்தக் கதையை நம்ப ஆள் தேவையில்லை.

"எழுப்பிப் போடுவினமெண்டு பயந்தனான்," என்றாள் சாரங்கா. "பிறகு கடிதம் வாசிச்சவை. பதினொண்டும் நல்லதெண்டு. நான் யோசிச்சன், என்ர போத்தல் பொய்தான், ஆனா மற்றப் பத்தும் உண்மைதானே. பக்கத்து வளவுத் தண்ணி நல்லதெண்டா என்ரையும் நல்லதாய்த்தானே இருக்கும். அப்பிடி நினைச்சுத்தான் குடிச்சனான். அவருக்கும் குடுத்தனான்."

நான் எழும்பிப் போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தேன். சொல்லாமல் இருக்க வழி இருக்கவில்லை.

"பிள்ளை, என்ர போத்தலும் அங்கை நிரப்பினதுதான். நான் உம்மட போத்தலை நம்பித்தான் குடிச்சனான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. கொப்பி எடுக்க வந்து நின்ற ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு வாறன் என்று போய்விட்டார். சிரித்து முடிந்ததும் சாரங்கா அழத் தொடங்கினாள். பதினொரு வரியும் ஒரே மாதிரி என்றால், எங்கள் இரண்டு பேரோடு முடிகிற விசயம் இல்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு அன்று பின்னேரமே அந்த ஒன்பதாம் பக்கத்தோடு ஒழுங்கைக்குள் இறங்கினோம். முதல் வீட்டில் தாளைக் காட்டியதும், உங்களுக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டார்கள். அடுத்த வீட்டில் சத்தியம் பண்ண வந்த கை பாதியில் கீழே இறங்கியது. இன்னொரு வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒரே வசனம்: "முத்துலிங்கம் மாஸ்டர் எண்டாலும் சரியான தண்ணி குடுத்திருப்பார் எண்டு நினைச்சம்."

நானும் உள்ளுக்குள் அவரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பொய் சொல்லத் தெரியாத மனிசன். ஒழுங்கையின் கடைசி வீடு. தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபம் வந்தது.

"நான் என்ர கையால என்ர கிணத்தில அள்ளி, மூடி இறுக்கி, விறாந்தையில வைச்சனான். இந்த இலக்கம் பிழை. நான் கம்பஸுக்கு எழுதப்போறன்."

உள்ளே குசினியில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. அவருடைய மனைவி வாசலில் வந்து நின்றா.

"எழுதாதேங்கோ. நீங்கள் குளிக்கப் போன நேரம் நான் ஊத்திப்போட்டு மாத்தி வைச்சனான்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் தாளை மடித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

அந்தக் கிழமையே எல்லா வீட்டுக் கானும் திரும்ப இளையதம்பியரின் கிணற்றடிக்குப் போனது. அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தண்ணீர் பொய் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது, போதும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சாரங்கா விடவில்லை. உண்மையான இலக்கம் தெரியாமல் டொக்டரிடம் என்னத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது என்று கேட்டாள். நான் அஸ்மியாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வர மூன்று நாள் எடுத்தது. சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் இருந்தது.

அஸ்மியா வவுனியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திறங்கினா. முப்பதுக்கு மேல் வயது இருக்காது. தோளில் பை, பைக்குள் பதினொரு வெறும் போத்தல். நான் அந்தப் பிள்ளையிடம் ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன். எங்கள் பதினொரு வரியை வைத்து, பாலையடிக்குக் கீழே ஒரே சீரான நல்ல நீர்ப்படை ஓடுகிறது என்று அவ இன்னும் இரண்டு கட்டுரை எழுதியிருந்தாவாம். வேறு நாட்டிலும் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். இல்லாத ஆறு ஒன்றை நாங்கள் போத்தலில் அடைத்துக் கொடுத்திருக்கிறோம்.

அவ ஏசவில்லை. சாரங்காவின் கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு சொன்னா, "பிழை என்ரையும்தான் அண்ணா. நான் நிண்டு என்ர கையால அள்ளியிருக்க வேணும். அண்டைக்கு வாகனம் திரும்பிப் போகவேணும் எண்டாங்க, போத்தலைக் குடுத்திட்டுப் போயிட்டன்."

"நாங்கள் ஏன் அப்பிடிச் செய்தனாங்கள் எண்டு கோவமில்லையோ?" என்று சாரங்கா கேட்டாள்.

"எங்கட ஆக்களையும் வடக்கில இருந்து எழுப்பினவங்க, அக்கா. புத்தளத்தில அகதியாய் இருபது வருசம் இருந்திட்டுத்தான் திரும்பி வந்தனாங்க. எங்கட வாப்பாட்ட அந்தப் போத்தலைக் குடுத்திருந்தா அவரும் மாத்தித்தான் வைச்சிருப்பார்."

வாளியைத் தானே இறக்கி, தானே இழுத்து, மூன்று தரம் போத்தலைக் கழுவி நிரப்பினா. நான் பக்கத்தில் நின்று என் மனதில் கிடந்ததைக் கேட்டேன். இந்தப் பூட்டை யார் போட்டது, ஏன் திறந்து விடவில்லை?

"திறந்து விடுறதெண்டா எழுதினவை காசு கட்ட வேணும். அப்ப அது என்ர ஒரு வருசச் சம்பளத்துக்கு மேல. இப்ப நிலமை மாறுது. காசு குடுக்கிற நிதியங்களே, எல்லாரும் வாசிக்கிற மாதிரிப் போட்டாத்தான் அடுத்த முறை தருவம் எண்டு சொல்லத் தொடங்கியிருக்கு. இன்னும் பத்து வருசத்தில பூட்டே இருக்காது எண்டு சொல்லுறாங்க."

"ஆர் காசு கட்டுவினம் அப்ப?"

"அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க," என்று சிரித்தா.

"சரி, பூட்டைத் திறந்தாச்செண்டு வைப்பம். கதவுக்குப் பின்னால இங்கிலீசெல்லோ நிக்குது? நான் தட்டுத் தடுமாறி வாசிப்பன். மற்ற ஆக்கள்?"

அஸ்மியா மூடியை இறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. அது தனக்கு ஒருநாளும் தோன்றவில்லை என்று சொன்னா. பொய்யில்லாமல் சொன்னபடியால் எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று.

பன்னிரண்டாம் நாள் இலக்கங்கள் முதலில் என் கடைக்கு வந்தன. தமிழில் வந்தன. இந்த முறை பதினொரு வரியும் பதினொரு விதம். ஒன்பது கிணறு எல்லைக்கு மேல். என்னுடையதும் சாரங்காவினதும் அந்த ஒன்பதில் அடக்கம். முத்துலிங்கம் மாஸ்டரின் கிணறு நல்ல கிணறு. அவர் மனைவி மாற்றாமல் விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, தாளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாரங்கா தன் தாளோடு வீட்டுக்குப் போய்த் தயாபரனிடம் சொன்னாள். என்ன நடந்தது என்று அடுத்த நாள் அவளே சொன்னாள். அவன் கோபப்படவில்லையாம். நீ முதலே சொல்லியிருந்தால் நான் தண்ணீர் அள்ளப் போறதை நிறுத்தியிருக்கமாட்டன் என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டானாம். அவன் ஏசியிருந்தால் பரவாயில்லை என்றாள். டொக்டர் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனி ஒரு வாய்கூட இந்தத் தண்ணீர் குடிக்கவேண்டாம் என்றாராம். அந்த ஐந்து வருடத்தை நினைத்து அவள் கடை வாசலில் நின்று அழுதாள். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பிறகுதான் பெரிய பிரச்சினை வந்தது. அஸ்மியா கட்டுரைக்குத் திருத்தம் போட வேண்டும். திருத்தத்தில் காரணம் எழுத வேண்டும். தொலைபேசியில் எங்களிடம் கேட்டா: "மாதிரி எடுத்ததில பிழை எண்டு ஒரு வரியில முடிக்கலாம். இல்லையெண்டா உண்மைக் காரணத்தை எழுதலாம். பேர் ஒண்டும் வராது. நீங்க சொல்லுறபடி செய்யிறன். ஆனா ஒண்டு, கட்டுரைதான் பூட்டில இருக்கு. திருத்தத்தைப் பூட்ட மாட்டாங்க. அதை உலகத்தில ஆரும் வாசிக்கலாம்."

பதினொரு வீடும் மாஸ்டரின் விறாந்தையில் கூடியது. மாஸ்டர் ஒரு வரி போதும் என்றார். ஒழுங்கையே பொய் சொன்னது என்று உலகம் வாசிக்கத் தேவையில்லை என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் எனக்கு வெட்கம் பெரிதில்லை, பயம்தான். குடிக்க முடியாத ஒன்பது கிணறு என்று எப்படியும் வெளியில் வரத்தான் போகிறது. அதற்குப் பக்கத்தில், எழுப்பிவிடுவார்கள் என்று இவர்கள் பயந்தார்கள் என்றும் எழுதினால், எழுப்ப நினைக்கிறவனுக்கு நாங்களே யோசனை சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகாதா? பெமிற் இப்போது கையில் இருக்கிறது. ஆனாலும் பயத்துக்குப் பெமிற் காட்டி என்ன பிரயோசனம்? இதை எல்லாருக்கும் முன்னால் அப்படியே சொன்னேன்.

"எழுப்ப நினைக்கிறவையும் வாசிக்கலாம்தான்," என்றாள் சாரங்கா. "வாசிக்கட்டும். போன முறை எங்களில ஒருத்தரும் வாசிக்கேல்லை. ஒருத்தரும் வாசிக்காதபடியாத்தான் நாங்கள் அஞ்சு வருசம் குடிச்சனாங்கள். அந்த ஒன்பதாம் பக்கம் அண்டைக்கே எங்கட கையில கிடைச்சிருந்தா, எங்களில ஆரெண்டாலும் ஒரு பார்வையில பிடிச்சிருப்பம். எழுதச் சொல்லுங்கோ. தமிழிலயும் போடச் சொல்லுங்கோ."

தயாபரன் தூணோடு சாய்ந்து நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தோம். "அவ சொல்லுறபடி எழுதட்டும்," என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் திருத்தம் வந்தது. ஒரு பக்கம்தான். ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில். "பதினேழு முதல் இருபத்தேழு வரையான மாதிரிகள் குறிப்பிட்ட கிணறுகளின் தண்ணீர் அல்ல. தண்ணீர் கூடாது என்று தெரியவந்தால் தாம் திரும்பவும் நிலத்திலிருந்து எழுப்பப்படலாம் என்று அஞ்சிய குடியிருப்பாளர்கள், வேறொரு கிணற்றின் தண்ணீரைக் கொடுத்திருந்தார்கள். பிழையைக் கண்டுபிடித்துத் தெரிவித்தவர்களும் அவர்களே." கீழே புதிய அட்டவணை. நான் பதினொரு கொப்பி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். மாஸ்டர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, கடைசி வசனம் நல்லாயிருக்கு என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். அஸ்மியா ஒரு கடிதத்தை எனக்கு அனுப்பி, இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானில்லை, நீங்கள்தான் என்று எழுதியிருந்தா. முல்லைத்தீவுப் பக்கம் மீள்குடியேறிய ஒரு ஊரிலிருந்து ஜொஹறா என்ற ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்ப் பக்கத்தை யாரோ தொலைபேசியில் அனுப்பினார்களாம். தங்களுடைய ஊரிலும் வேறு ஆட்கள் போத்தல் கொடுத்துவிட்டுத்தான் போனார்களாம். அதற்கு மேல் தங்களைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். "நீங்க உண்மையைச் சொன்ன பிறகு உங்களை எழுப்பினாங்களா?"

சாரங்காவைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தேன். திரைக்குக் கிட்டக் குனிந்து, அந்த ஒரு வரியை வாசித்தாள்.

"எழுதுங்கோ அண்ணை. இல்லை, ஒருத்தரும் எழுப்பேல்லை. இருக்கிறம்."

அடித்தேன். அடித்துவிட்டு யோசித்தேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒருவரை நம்பவைத்து மாட்டிவிடக் கூடாது அல்லவா?

"பிள்ளை, இதுவரைக்கும் எழுப்பேல்லை எண்டு போடட்டோ?"

"வேண்டாம்," என்றாள். "அவா கேட்டதுக்கு மறுமொழி அதில்லை. இருக்கிறம் எண்டு போடுங்கோ, அது போதும்."

'இதுவரைக்கும்' என்ற சொல்லைச் சேர்க்காமலே அனுப்பினேன்.